அறுபத்து நான்கு

இருபத்து மூன்றாம் நிமிடத்தில்
திரையில் ஒரு முள் எழும்பும்.
எந்த அட்டவணையிலும் இல்லாத முள்.
ஹெஃபெய் நகரில், ஆறாவது மாடியில்,
நூடுல்ஸின் மேல் கொழுப்பு உறைந்து வெளுக்க
ஒரு குளிர்காலம் முழுக்க
அதற்காகவே விழித்திருந்தேன்.

வெண் பியோனியின் வேர்.
இடித்து, சாராயத்தில் ஊறவைத்து,
வடித்து, வற்றவைத்து,
சிலிக்கா அடைத்த கண்ணாடிக் குழாயில்
சொட்டுச் சொட்டாக இறக்கினால்
தெரிந்த மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வரும்,
சம்பள நாளன்று வரும் கடன்காரர்களைப்போல
நேரம் தவறாமல்.
அவர்களுக்கு நடுவே
யாரும் அழைக்காத இவன்.

நிறை பார்த்தோம்.
தெரிந்த ஒன்றைவிட
அறுபத்து நான்கு கூடுதல்.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
ஆய கலைகளின் கணக்கு.

எலிகளின் கணுக்கால் வீக்கம்
ஒன்பதே நாளில் வடிந்திருந்தது.
பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி துடைத்தார்,
பெயர் வைத்தார்:
பியானின்.
அவர் பெயர் பியான். பெயருக்குள்ளேயே பட்டா எழுதியாகிவிட்டது.
அன்று மாலை எல்லோருக்கும் வாத்துக்கறி.
காப்புரிமை வக்கீல் இரண்டு தடவை கூப்பிட்டார்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து
மாணவி பெய்ரான் திரும்பியபோது
மாமா வயலில் தோண்டிய வேர்கள் பத்து
நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
பழுப்பு நிறம், கோணல்,
கழுவக் கழுவ மண்.
மூட்டை தீர்ந்திருந்ததால்
அதையே இடித்தேன்.

இருபத்து மூன்றாம் நிமிடம்
கோடு படுத்தே கிடந்தது.

கருவியைத் திட்டினேன். குழாயை மாற்றினேன்.
பெய்ரானின் கைச்சுத்தத்தைச் சந்தேகித்து
அவளை அழவும் வைத்தேன்
(இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை).
பிறகு போஜோ மூலிகைச் சந்தைக்கு
ரயில் ஏறினேன்.

வியாபாரி கெங்கின் கொட்டகை.
தட்டுத்தட்டாக வேர்கள்,
கீழே இரும்புச் சட்டியில்
மஞ்சள் பொடி நீலமாக எரிந்துகொண்டிருந்தது.
"கந்தகப் புகை போட்டால்தான் வெளுக்கும்,
வெளுத்தால்தான் விற்கும், புழுவும் அண்டாது"
என்றவர், இருமல் அடங்கக் காத்திருந்து
(என் இருமல், அவருக்குப் பழகிவிட்டது)
ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.
எங்கள் ஆய்வகத்தின் முத்திரை.
'முதல் தரம். நல்ல வெள்ளையாக.'
என் கையெழுத்து.

திரும்பும் ரயிலில் கணக்குப் போட்டேன்.
கந்தகம் முப்பத்திரண்டு.
ஆக்சிஜன் பதினாறு, இன்னொரு பதினாறு.
ஒன்பதாம் வகுப்பில்
பின்பெஞ்சுக்காரர்களும் போட்ட கணக்கு.

"ஐயா, அது பியானின் அல்ல" என்றேன்.
"கந்தகத்தின்."

அவர் நெடுநேரம் சன்னலைப் பார்த்தார்.
வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை,
எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள்தான்.
"புகைக்குக் காப்புரிமை கொடுப்பார்களா?"
சிரிக்க வேண்டுமா என்று தெரியவில்லை.
சிரிக்கவில்லை.

ஆனால் அந்த எலிகள்?
அவற்றின் கால் வடிந்தது வடிந்ததுதான்.
வேர் வடித்ததா, புகை வடித்ததா,
தெரிந்த கடன்காரர்களில் எவனாவது
சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போனானா?
கேட்டுச் சொல்ல அவை இன்று இல்லை.
அவற்றின் எண்கள் மட்டும்
உறைபெட்டியின் மூன்றாம் தட்டில்.

இன்றிரவு மறுபடி ஓட்டுகிறேன்,
வெள்ளை வேர் ஒன்று, மண் வேர் ஒன்று.
கழுவுதொட்டியில் பெய்ரானின் மாமா வயல்
கொஞ்சம் அடைத்துக்கொண்டிருக்கிறது.

முப்பத்தோராம் நிமிடத்தில்
மண் வேரின் கோட்டில் மட்டும்
ஏதோ லேசாக மேடு தட்டுகிறது,
போர்வைக்குள் யாரோ
முழங்காலை மடக்குவதுபோல.

இரைச்சலாகவும் இருக்கலாம்.
தேதி குறித்தேன்.
பெயர் வைக்கவில்லை.